கடல்மீன் தொட்டி: பெங்களூரில் முதல்முறை வைப்பவர் எந்த அளவில் தொடங்கலாம்?

கப்பி, மோலி, கோல்ட்ஃபிஷ் என்று நன்னீர் மீன் வளர்த்துப் பழகியவர்கள் அடுத்துக் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "கடல்மீன் வைக்க ஆசை. மேசைமேல் வைக்கிற மாதிரி சின்னக் கனசதுரத் தொட்டி ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். அதை வாங்கலாமா, இரண்டடித் தொட்டியா, இல்லை பெரிதாகவே போய்விடலாமா?" அல்சூரிலிருந்து கேட்டாலும் ராமமூர்த்தி நகரிலிருந்து கேட்டாலும் கூடவே இன்னொரு தகவலும் வரும்: வாடகை வீடு, காவேரித் தண்ணீர் வாரத்தில் சில நாள், மீதிக்கு டேங்கர்.

எந்தத் தொட்டி என்பதை அந்தத் தகவல்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது என் கருத்து. பலரும் ஏதாவது ஒரு மீன்மேல் ஆசைப்பட்டு அதற்கேற்ற தொட்டியைத் தேடுகிறார்கள். வீட்டுக்கு என்ன தண்ணீர் வருகிறது, நீங்கள் எத்தனை நாள் ஊரில் இருப்பீர்கள் என்ற இரண்டையும் முதலில் பார்த்தால் தொட்டியின் அளவு தானாகத் தெரிந்துவிடும். மீன் அதற்கப்புறம்.

இங்கே நான்கு வழிகளை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, 14 அங்குலக் கனசதுரத் தொட்டி. பின்பக்கத்திலேயே வடிகட்டி அறைகள் சேர்ந்து வரும், 45 லிட்டர் பிடிக்கும். இரண்டு, 24 அங்குல நீளம், 15 அகலம், 15 உயரம் உள்ள சாதாரணக் கண்ணாடித் தொட்டி. 88 லிட்டர், மேல்விளிம்பில் தொங்கும் ஃபில்டர், சம்ப் (வடிகட்டும் கருவிகளை வைக்கும் கீழ்த்தொட்டி) கிடையாது. மூன்று, மூன்றடித் தொட்டி, 36-க்கு 18-க்கு 18 அங்குலம், 190 லிட்டர், கீழே அலமாரிக்குள் சம்ப். நான்காவது வழியைப் பலர் நினைத்தே பார்ப்பதில்லை: முழுக் கடல்நீருக்குப் போகாமல், கழிமுகத் தண்ணீர் போலக் கால்பங்கு உப்போடு ஓர் உவர்நீர்த் தொட்டி.

எதை வைத்து எடைபோடுவது

*உப்பு நிலையாக நிற்பது.* கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. தொட்டியிலும் அதே அளவில் நிறுத்த வேண்டும். உப்பளவை அடர்த்தி எண்ணாகக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்தால் 1.025, 1.026 என்று காட்டும். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பெங்களூர்க் காற்று வறண்டு கிடக்கும். ஃபேன் ஓடும் அறையில் அந்தச் சின்னக் கனசதுரத் தொட்டியிலேயே நாளுக்கு ஒரு லிட்டர் வரை குறையும். குறைந்ததை உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரால் தினமும் நிரப்ப வேண்டும். "உப்புத்தண்ணீர்த் தொட்டிதானே" என்று உப்புத்தண்ணீரையே ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

கணக்கைப் பாருங்கள். சின்னத் தொட்டியில் கல், மணல் போக 40 லிட்டர் தண்ணீர் இருக்கும். மூன்று நாள் யாரும் நிரப்பவில்லை என்றால் 37 லிட்டராகிவிடும், உப்பு 35-லிருந்து 38-ஐ நெருங்கும். இரண்டடித் தொட்டியில் உண்மையில் இருக்கும் தண்ணீர் 75 லிட்டர். நாளுக்கு ஒன்றேகால் லிட்டர் ஆவியானாலும் மூன்று நாளில் உப்பு 37-ஐத் தொடாது. மீன்கள் இரண்டையும் ஒருவேளை பொறுத்துக்கொள்ளும். இறாலும் நத்தையும் பொறுக்காது. சின்னத் தொட்டிதான் எளிது என்று எல்லோரும் நினைப்பது தவறாகப் போவது இங்கேதான்.

*தண்ணீர் எங்கிருந்து.* கடல் தொட்டிக்குக் குழாய்த் தண்ணீர் ஆகாது. காவேரித் தண்ணீரில் குளோரின் இருக்கும். போர்வெல், டேங்கர் தண்ணீரில் கடினத்தன்மையும் பல இடங்களில் நைட்ரேட்டும் சேர்ந்திருக்கும், டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்பு, தாதுக்களின் அளவு) பல நூறு காட்டும். நமக்கு வேண்டியது பத்துக்குக் கீழே, முடிந்தால் பூஜ்யம். அதற்கு மேல் போகப் போக, பாறையிலும் கண்ணாடியிலும் பழுப்புப் பாசி படர ஆரம்பிக்கும், எவ்வளவு துடைத்தாலும் திரும்ப வரும்.

"வீட்டில் ஆர்.ஓ. இருக்கிறதே" என்பார்கள். ஒரு டம்ளரில் பிடித்து டி.டி.எஸ். மீட்டரை முக்கிப் பாருங்கள். 60, 80 என்று காட்டினால் ஆச்சரியப்பட வேண்டாம். குடிக்க ருசி வேண்டும் என்பதற்காக டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்ற சின்னத் திருகின் வழியே வடிகட்டாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடுகிறார்கள். சர்வீஸ் ஆளிடம் சொல்லி அதை முழுக்க மூடச் செய்தாலோ, அதற்கு முன்பே ஒரு டியூப் எடுத்தாலோ எண் நன்றாக இறங்கும். இருபது லிட்டர் கேன் தண்ணீரிலும் தாது உப்புகள் சேர்ப்பது உண்டு. அதனால் கேனுக்குக் கேன் அளந்துதான் நம்ப வேண்டும். நிரந்தர வழி, ஆர்.ஓ.வோடு, அதில் மிஞ்சும் உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் குழாய் ஒன்றையும் சேர்த்துக்கொள்வது. ஆனால் தண்ணீர் எவ்வளவு கடினமோ அவ்வளவு வேகமாக ரெசின் தீரும். போர்வெல் வீட்டில் இது மாதச் செலவாகவே ஆகிவிடும்.

கழிவுத் தண்ணீரையும் கணக்கில் எடுங்கள். வீட்டு ஆர்.ஓ. ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் தர ஏறக்குறைய மூன்று லிட்டரை வெளியே தள்ளும். 2024 மார்ச்சில் தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தபோது, குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் உத்தரவே போட்டது. அப்படி ஒரு கோடையில் மாதம் 170 லிட்டர் ஆர்.ஓ. தேவைப்படும் தொட்டி வீட்டில் இருந்தால் நிம்மதி இருக்காது. வெளியேறும் தண்ணீரை வாளியில் பிடித்து வீடு துடைக்க, பாத்ரூம் கழுவப் பயன்படுத்த ஏற்பாடு இருந்தால்தான் பெரிய தொட்டி சரிப்படும்.

*சூடும் கரண்டும்.* 24 முதல் 27 டிகிரி வரை நல்லது. இந்த விஷயத்தில் சென்னை நண்பர்களைவிட நமக்கு வாய்ப்பு அதிகம். வெயில் ஏறும் நாட்கள் இங்கேயும் உண்டு; 2016 ஏப்ரலில் 39.2 டிகிரி வரை போனது. ஆனால் காற்று வறண்டிருப்பதால், தண்ணீரின் மேற்பரப்பை நோக்கி ஒரு சின்ன ஃபேன் வைத்தாலே இரண்டு மூன்று டிகிரி இறங்கும். மும்பைக்காரரோ சென்னைக்காரரோ "சில்லர் இல்லாமல் முடியாது" என்று சொன்னால், அது அவர்கள் ஊர்ப் புழுக்கத்துக்குச் சரி. இங்கே முதல் மாடி, இரண்டாம் மாடி வீடுகளில் பெரும்பாலும் ஃபேனே போதும். மொட்டைமாடிக்கு நேர்கீழே உள்ள வீடு மட்டும் வேறு கதை. டிசம்பர், ஜனவரி இரவுகளில் 15, 16 டிகிரிக்கு இறங்குவதால் ஹீட்டர் அவசியம்.

கர்நாடகத்தில் இருப்பவர்களுக்கு மறைமுகமான செலவு ஒன்று உண்டு. 2023 ஆகஸ்டில் வந்த கிருஹ ஜோதி திட்டத்தில் பலருக்கும் கரண்ட் பில் பூஜ்யம். ஆனால் மாதம் 200 யூனிட்டைத் தாண்டினால் சலுகை போய், முழுத் தொகையும் கட்ட வேண்டும். ஏற்கெனவே 160, 170 யூனிட்டில் இருக்கும் குடும்பம் சம்ப் வைத்த தொட்டியைச் சேர்த்தால் அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். கடைக்காரர் யாரும் இதைச் சொல்ல மாட்டார். பழைய பில்லை எடுத்துப் பார்த்துவிட்டுத் தொட்டியை முடிவு செய்யுங்கள்.

*வீடு, பயணம்.* பதினொரு மாத ஒப்பந்த வீட்டில் இருக்கிறீர்களா? தொட்டியை இடம் மாற்றுவது என்றால் மீனைத் தனியே, பாறையைத் தனியே, தண்ணீரைக் கேன்களில், மணலைக் கழுவி என்று ஒரு முழுநாள் வேலை. பொங்கல், தீபாவளிக்கு ஊருக்குப் போய்விடும் வீட்டில் யார் தண்ணீர் நிரப்புவார்கள்?

எண்களில் ஒரு பார்வை

| | 14 அங்குலக் கனசதுரம் | இரண்டடி, சம்ப் இல்லாமல் | மூன்றடி, சம்ப்புடன் | இரண்டடி உவர்நீர் |
|---|---|---|---|---|
| உண்மையான தண்ணீர் | 40 லிட்டர் | 75 லிட்டர் | சம்ப்பையும் சேர்த்து 200 லிட்டருக்கு மேல் | 75 லிட்டர் |
| முதலில் போடும் உப்பு | 1.5 கிலோ | 2.8 கிலோ | 7.5 கிலோ | 0.6 கிலோ |
| மாத உப்பு (வாரம் பத்து சதவீதம் மாற்றினால்) | 0.6 கிலோ | 1.1 கிலோ | 3 கிலோ | 0.25 கிலோ |
| மாத ஆர்.ஓ. தண்ணீர் | 40–45 லிட்டர் | 65–75 லிட்டர் | 160–180 லிட்டர் | தேவையில்லை |
| மாத யூனிட் (ஹீட்டர் தவிர) | சுமார் 15 | 20–25 | 55–60 | 15–20 |
| மொத்த எடை | 60 கிலோ | 120 கிலோ | 300 கிலோவுக்கு மேல் | 120 கிலோ |
| நிரப்பாமல் விடக்கூடிய நாள் | ஒன்று | இரண்டு, மூன்று | தானியங்கி நிரப்பி இருந்தால் ஒரு வாரம் | நான்கு, ஐந்து |

யூனிட் கணக்கு எல்.இ.டி. விளக்கு எட்டு மணி நேரம், பம்பு 24 மணி நேரம் என்று போட்டது. உங்கள் கருவிகளின் வாட்டைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

சின்னக் கனசதுரத் தொட்டி

பார்க்க அழகு, இடம் பிடிக்காது, படிப்பு மேசையிலேயே வைக்கலாம். தண்ணீர் மாற்றுவது நாலு லிட்டர் வேலை, பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அபார்ட்மெண்டில் யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். வீடு மாறினால் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போய்விடலாம்.

இதற்கெல்லாம் கொடுக்கும் விலை, சின்னத் தவறையும் மன்னிக்காத அதன் குணம்தான். ஒரு மீன் பாறைக்குப் பின்னால் செத்து, நீங்கள் அலுவலகத்திலிருந்து வரும்வரை கிடந்தால், 40 லிட்டரில் அம்மோனியா வேகமாக ஏறும். கடல்நீரின் பி.எச். 8.1-லிருந்து 8.4 வரை. அந்தக் காரத்தன்மையில் அம்மோனியாவின் விஷப்பங்கு நன்னீரில் இருப்பதைவிடப் பலமடங்கு. நன்னீர்த் தொட்டியில் தப்பிக்கும் அளவே இங்கே மீனைக் கொன்றுவிடும்.

கிளவுன் மீன் ஜோடிக்கு இது பொருந்தும் என்று கடையில் சொல்வார்கள். வாங்கும்போது ஒரு அங்குலம் இருக்கும் மீன் சரிதான். பெண் மீன் மூன்று அங்குலத்துக்கு மேல் வளரும், நன்றாக வைத்தால் பத்து வருடம் தாண்டி வாழும். இந்தத் தொட்டியில் அவற்றைக் கடைசிவரை வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இதற்குப் பொருத்தம் ஒரு சின்னக் கோபி மீனும் அதோடு கூட்டாக வாழும் பிஸ்டல் இறாலும். இறால் மணலைத் தோண்டி வளை அமைக்கும், கண்பார்வை மங்கலான அதற்குக் கோபி வாசலில் நின்று காவல் இருக்கும். இறாலின் மீசை எப்போதும் மீனின் வாலைத் தொட்டபடியே இருக்கும். ஆபத்து என்றால் மீன் வாலை ஆட்டும், இரண்டும் உள்ளே போய்விடும். இதை அருகே உட்கார்ந்து பார்க்கச் சின்னத் தொட்டிபோல் வராது.

வீட்டிலிருந்தே வேலை செய்பவர், அதிகம் வெளியூர் போகாதவர், தினமும் காலையில் தண்ணீர்மட்டக் கோட்டைப் பார்த்து நிரப்பும் பழக்கம் உள்ளவர் — இவர்களுக்கு இது நல்ல தேர்வு. பூஜை அறையில் தினமும் விளக்கேற்றுவதுபோல அதுவும் ஒரு வேலையாகிவிட வேண்டும்.

இரண்டடி, சம்ப் இல்லாமல்

கேட்பவர்களில் பெரும்பாலோருக்கு நான் சொல்வது இதைத்தான். தண்ணீர் போதிய அளவு இருப்பதால் ஒருநாள் தவறினாலும் பேரிடர் இல்லை. ஆனால் ஆர்.ஓ. தேவை மாதம் நாலு கேனுக்குள் அடங்கிவிடும். சாதாரண மரமேசை தாங்காது என்றாலும் இரும்பு ஸ்டாண்டு ஒன்று போதும்.

அமைப்பு எளிது. அடியில் ஒரு அங்குலத்துக்கு அரகோனைட் என்ற சுண்ணாம்பு மணல். எட்டு முதல் பத்து கிலோ பாறை, நடுவே தண்ணீர் ஓடும்படி இடைவெளி விட்டு அடுக்கியது. மேலே தொங்கும் ஃபில்டரில் கார்பனும் பஞ்சும். எதிர்ப்பக்கம் தண்ணீரை அலைபோல ஓடவைக்கும் ஒரு வேவ்மேக்கர். கடல் தொட்டியில் பாறைதான் உண்மையான வடிகட்டி; அதன் நுண்ணிய துளைகளில் குடியேறும் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும். அவை பெருகி நிலைபெற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன் கூடாது. "ஒரு டாம்செல் மீன் விட்டால் சீக்கிரம் செட் ஆகிவிடும்" என்று சொல்லும் கடைகள் உண்டு. அந்த மீன் அம்மோனியாவில் வெந்து தவிக்கும். தப்பிப் பிழைத்தால், அப்புறம் வரும் மீன்களையெல்லாம் கடித்து விரட்டும். பாக்டீரியாவுக்குத் தேவையான அம்மோனியாவைத் தர ஓரிரு இறால் துண்டுகளோ, பாட்டில் அம்மோனியாவோ போதும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டுமே பூஜ்யம் காட்டிய பிறகு முதல் மீனை விடுங்கள்.

இதில் ஒரு கிளவுன் ஜோடி, ஒரு கோபி, ஒரு கிளீனர் இறால், ஐந்தாறு நத்தைகள் நிம்மதியாக வாழும். நாலாவது மீன் வேண்டும் என்று ஆசை வரும். அந்த ஆசைதான் இந்தத் தொட்டிக்கு எதிரி. நீல டேங் மீனைக் குழந்தைகள் கேட்பார்கள்; அதற்கு ஆறடித் தொட்டி வேண்டும். மாண்டரின் மீன் கண்ணைப் பறிக்கும், ஆனால் பாறையில் ஊரும் சின்னஞ்சிறு உயிரினங்களைத்தான் பெரும்பாலும் தேடித் தின்னும், புதுத் தொட்டியில் பட்டினியால் சாகும். கடல்சாமந்தி இல்லாமல் கிளவுன் எப்படி என்று கேட்பவர்களுக்கு: கிளவுனுக்கு அது கட்டாயம் இல்லை. கடல்சாமந்திக்குத்தான் ஒரு வருடமாவது பழகிய தொட்டி கட்டாயம்.

குறைகளும் உண்டு. ஃபில்டர், ஹீட்டர், ஒயர் எல்லாம் கண்ணில் படும். ஒயர்களும் கண்ணாடி விளிம்பும் உப்புப் பூத்து வெள்ளை வெள்ளையாகக் காயும். வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைக்காவிட்டால் அது பிளக் வரை ஊர்ந்து போகும். ஒயர் ஒவ்வொன்றும் பிளக்குக்குக் கீழே தொங்கி வளைந்து ஏறும்படி மாட்டுங்கள், தண்ணீர் வழிந்தாலும் அந்த வளைவில் சொட்டிவிடும். சுவரில் உப்புச்சாரல் பட்டால் பெயின்ட் உரியும், அட்வான்ஸிலிருந்து வீட்டுக்காரர் பிடித்துக்கொள்வார். பின்னால் ஒரு அக்ரிலிக் தகடு ஒட்டிவிடுவது மலிவு.

மூன்றடி, சம்ப்புடன்

மீனுக்கு இதுதான் சிறந்த வீடு. சந்தேகமே இல்லை. கருவிகள் எல்லாம் கீழே மறைந்துவிடும், ஸ்கிம்மர் கழிவை அழுகும் முன்பே நுரையாக வெளியேற்றும், தானியங்கி நிரப்பி பொருத்தினால் உப்பு நாள்முழுக்க ஒரே அளவில் நிற்கும். பிற்பாடு மென்பவளங்கள் வைக்க ஆசை இருந்தால் அடித்தளம் தயார்.

ஆனால் முதல்முறை வைப்பவருக்கு நான் இதைச் சொல்வது, சொந்த வீடு, தரைத்தளம் அல்லது பீமுக்கு மேலே சரியான இடம், டி.ஐ.யோடு ஆர்.ஓ. யூனிட், இன்வெர்ட்டர் எல்லாம் இருந்தால் மட்டும்தான். கரண்ட் போனால் மேல்தொட்டியின் தண்ணீர் கொஞ்சம் கீழே இறங்கும். சம்ப்பில் அதற்கு இடம் விட்டிருக்க வேண்டும், திரும்பும் குழாயின் வாய் தண்ணீர்மட்டத்தை ஒட்டியே இருக்க வேண்டும். மீன் விடும் முன்பே பத்து முறையாவது பம்பை நிறுத்திப் பார்த்து, நிரம்பி வழியவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கீழ்வீட்டு சீலிங்கில் உப்புத்தண்ணீர் இறங்கினால் அதன் செலவு தொட்டியின் செலவைத் தாண்டும்.

பணத்தில் பெரிய வித்தியாசம் தொட்டியில் இல்லை, அதைத் தொடர்ந்து வருபவற்றில்தான். உப்பும் பாறையும் இரண்டடியைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் போகும், விளக்கும் இரட்டிப்பு. ஒருவேளை சில்லர் தேவைப்பட்டால் இந்த அளவுக்கு வாங்குவது இன்னொரு தொட்டி அமைக்கும் செலவு.

உவர்நீர்: பலரும் மறந்துவிடும் வழி

முத்துக்காட்டிலும் பிச்சாவரத்திலும் ஆறும் கடலும் கலக்கும் தண்ணீரில் வாழும் மீன்கள் நிறைய. அந்த உப்பளவில், ரிஃப்ராக்டோமீட்டரில் 1.005 அளவுக்கு, இரண்டடித் தொட்டி ஒன்றை அமைத்தால் குளோரின் நீக்கிய குழாய்த் தண்ணீரே போதும். போர்வெல்லின் கடினத்தன்மை இங்கே குறையே இல்லை. ஆரஞ்சு குரோமைடு நம் தென்னிந்தியக் கழிமுகங்களின் மீன். கேரளத்தில் பள்ளத்தி என்பார்கள். மூன்று அங்குலத்தில் வளர்ச்சி நின்றுவிடும், ஜோடி சேர்ந்தால் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு ஊர்வலம் போகும். பம்பிள்பீ கோபி இன்னொரு நல்ல மீன். மோலியும் வைக்கலாம். சில வாரங்களில் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் மோலி முழுக் கடல்நீருக்கே பழகிவிடும். ஆகவே பின்னால் இதே தொட்டியைக் கடல் தொட்டியாக மாற்றும் வழியும் திறந்தே இருக்கிறது. மோனோ, ஸ்காட் என்று வெள்ளிக்காசுபோல் மின்னும் குஞ்சுகளை மட்டும் வாங்கிவிடாதீர்கள். அவை ஓரடிக்குப் பக்கமாக வளரும்.

பவளமும் கிளவுனும் கிடையாது என்பது உண்மையான இழப்பு. ஆனால் டேங்கர் தண்ணீரை மட்டும் நம்பியிருக்கும் வீட்டுக்கும், மாதத்தில் பாதிநாள் பயணத்தில் இருப்பவருக்கும் இதைத்தான் மனதாரச் சொல்வேன். உப்பு கரைப்பது, அளப்பது, நிரப்புவது எல்லாம் இதிலேயே கைக்கு வந்துவிடும்.

உப்பு, பாறை, சட்டம்

எந்த வழியில் போனாலும் இந்த மூன்றும் பொது. கல்லுப்பு மலிவாயிற்றே என்று பலர் கேட்கிறார்கள். தூத்துக்குடி உப்பளத்தில் கடல்நீர் சுண்டும்போது முதலில் ஜிப்சமாகக் கால்சியம் படிந்துவிடும், அப்புறம்தான் சமையலுப்பு. மெக்னீசியம் மிஞ்சும் தண்ணீரோடு வடிக்கப்பட்டுவிடும். ஆகவே நம் கைக்கு வரும் கல்லுப்பில் கடல் உயிர்களுக்கு வேண்டியதில் பாதி இல்லை. உவர்நீர்த் தொட்டிக்குக்கூட அக்வேரிய உப்பே வாங்குங்கள். மெரினாவிலிருந்து கேனில் கொண்டுவரலாமா என்றால், கரையோரத் தண்ணீரில் சாக்கடையும் எண்ணெயும் கலந்திருக்கும், பெங்களூர் வந்து சேருமுன் அதிலிருக்கும் நுண்ணுயிர்கள் செத்து அழுகத் தொடங்கியிருக்கும். வேண்டாம்.

பாறை விஷயத்தில் நான் கண்டிப்பாக இருப்பேன். கடினப் பவளங்கள், கடல்விசிறி, கடற்குதிரை, கடல் அட்டை எல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. வைத்திருந்தாலே சிறைத்தண்டனை வரலாம். "ராமேஸ்வரம் பக்கத்து லைவ் ராக்" என்று, உயிர்கள் குடியிருக்கும் கடல்பாறையை யாராவது நீட்டினால், அது பெரும்பாலும் மன்னார் வளைகுடாவின் பவளப்பாறையிலிருந்து உடைத்ததாகத்தான் இருக்கும். அங்குள்ள 21 தீவுகளைச் சுற்றிய கடல் 1986 முதல் தேசியப் பூங்கா. செயற்கையாக வார்த்த பாறையோ செராமிக் கட்டிகளோ அதே பாக்டீரியாவை வளர்க்கும், சில வாரம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

மீனிலும் அதே அக்கறை வேண்டும். கிளவுன் மீனை இந்தியாவிலேயே குஞ்சு பொரிக்க வைக்கும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் பல வருடங்களுக்கு முன்பே உருவாக்கிவிட்டது. பண்ணையில் பிறந்த கிளவுன் உலர் உணவைத் தயங்காமல் தின்னும், நோயும் குறைவு. கடலில் பிடித்ததைவிட விலை கொஞ்சம் கூடினாலும் அதையே கேட்டு வாங்குங்கள்.

சிவாஜிநகரில் ரசல் மார்க்கெட்டைச் சுற்றியுள்ள கடைகளில் தமிழிலேயே பேசி விசாரிக்கலாம். கேட்க வேண்டியது: இந்த மீன் கடைக்கு வந்து எத்தனை நாள் ஆகிறது, என்ன தின்கிறது, தொட்டியில் தாமிர மருந்து போட்டிருக்கிறார்களா. தாமிரம் கலந்த தண்ணீரை உங்கள் தொட்டியில் ஊற்றினால் இறால், நத்தை எல்லாம் போய்விடும். மீனை வலையில் எடுத்து விடுங்கள், பையின் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். உங்கள் கண்முன் உணவு போடச் சொல்லுங்கள். தின்னாத மீனை வாங்காதீர்கள்.

எப்போது தொடங்குவது என்பதும் முக்கியம். ஆகஸ்ட், செப்டம்பரில் தண்ணீர் நிரப்பினால் தீபாவளிக்குள் பாக்டீரியா நிலைபெற்றுவிடும். ஊருக்குப் போய்வந்து மீன் வாங்கலாம், டிசம்பர்க் குளிருக்கு ஹீட்டரும் ஓடிப் பழகியிருக்கும். பிப்ரவரியில் தொடங்குபவர்களுக்கு, தொட்டி இன்னும் பச்சைப்பிள்ளையாக இருக்கும்போதே ஏப்ரல் வெயிலும் தண்ணீர்த் தட்டுப்பாடும் ஒன்றாக வந்து நிற்கும். இப்போது பிப்ரவரி என்றால், பாறையையும் உப்பையும் விசாரித்து வையுங்கள், டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கி வீட்டுத் தண்ணீரை மே மாதம் வரை வாரம் ஒருமுறை அளந்து எழுதி வையுங்கள். காவேரித் தண்ணீர் நின்று டேங்கர் வரும் வாரத்தில் அந்த எண் எவ்வளவு தாவுகிறது என்று பார்த்த பிறகு கனசதுரமா, இரண்டடியா, உவர்நீரா என்று முடிவெடுக்கலாம்.